தம்பி பேரைத் தொட்டா

அந்தப் பொட்டியைக் கொஞ்சம் இக்கட்ட நவுத்தி வையுங்கண்ணா. என்ற கால் மேல பட்டாப் பரவால்லீங்க. என்னங்க அது, ஃபேனுங்களா? மகளோட புது வீட்டுக்கா. நல்லதுங்க. தாராபுரம் வரைக்குந்தானே? நானும் அங்கதானுங்க. குண்டடம் தாண்டிப் போய்ச் சேர எப்படியும் ஒண்ணரை மணி நேரம் ஆயிரும், பேசிட்டே போலாம்.

இல்லீங்க, லீவெல்லாம் இல்லை. வேலையை விட்டு நிறுத்திட்டாங்க. போன வாரந்தான். ஒரு வரிக்குங்கண்ணா. ஒரே ஒரு வரி எழுதுனேன், அதுக்கு அண்ணன் தம்பி ரெண்டு பேரும் சேர்ந்து நின்னு என்னைத் தாட்டி உட்டுட்டாங்க. கேட்டுட்டு நீங்களே நாயத்தைச் சொல்லுங்க. நீங்க மூணாவது மனுசன், உங்களுக்கு நானும் வேண்டாம், அவங்களும் வேண்டாம்.

கம்பெனி பேரு எதுக்குங்க, திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனின்னு வெச்சுக்கங்க. முதலாளிங்க ரெண்டு பேரு, அண்ணன் தம்பி. மூத்தவரு சென்னியப்பன், எல்லாரும் பெரியவருன்னு சொல்லுவோம். எளையவரு தேவராசு, அவரு சின்னவரு. சின்னவருக்கே அம்பது வயசு ஆச்சு, பேரன் பொறந்தாச்சு, இருந்தாலும் சின்னவருதான். பெரியவரு பார்க்கறது பழைய யூனிட். அதுல இருந்து கிளையாத் தொறந்தது சின்னவரு பார்க்கற புது யூனிட். ஆனா கம்பெனி ஒண்ணு, வீடு ஒண்ணு. மத்தியானம் ரெண்டு பேருக்கும் ஒரே கேரியர்லதான் சோறு வரும்.

அங்க எனக்குக் கம்ப்யூட்டர் வேலைங்க. கம்ப்யூட்டர்னா உள்ள ஓடற சமாச்சாரமெல்லாம் வேற ஆளுங்க எழுதுவாங்க. மனுசன் கண்ணுக்குத் தெரியறது பூராவும் நான். ஸ்கிரீன்ல இடது பக்கம் ஒரு மெனு இருக்குமுங்க. ட்ரீன்னு சொல்லுவோம், மரமாட்டம் கிளை கிளையாப் போறதுனால. மேல கம்பெனி பேரு. பக்கத்துல ஒரு குட்டி அம்புக்குறி, அதை அமுக்குனா உள்ள இருக்கறது விரியும். கம்பெனிக்குள்ள பெரியவர் யூனிட்டு, அதுக்குள்ள சின்னவர் யூனிட்டு, அதுக்குள்ள கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங். அதுல எந்தப் பேரு மேல மவுஸைக் கொண்டு போறீங்களோ, அமுக்கவே வேண்டாங்க, சும்மா மேல கொண்டு போனாலே அந்தப் பேரு லேசா லைட்டாட்டம் எரியோணும், உச்சில இருக்கற கம்பெனி பேரு மட்டும் வெறும் தலைப்பு, எரியாது. அதுக்குப் பேரு ஹோவர்.

சிரிக்கறீங்க. எல்லாரும் சிரிப்பாங்க, இது ஒரு பொழப்பான்னு. ஒருத்தர் வீட்டு வாசல்ல போய் நிக்கறீங்க, 'வாங்க'ன்னு ஒரு வார்த்தை யாரும் சொல்லலைன்னா உள்ள போவீங்களா? மாட்டீங்க. அந்த 'வாங்க'தானுங்க ஹோவர். சத்தமாச் சொன்னா அடிக்கற மாதிரி இருக்கும், மெதுவாச் சொன்னா வேண்டா வெறுப்பா இருக்கும். பதமாச் சொல்லோணும். திருப்பூர்ல அந்தப் பதம் தெரிஞ்சவங்க நாலு பேரு இருந்தாலே எச்சு. மத்த மூணு பேரு யாருன்னு எனக்குத் தெரியாது.

அந்த எரியற கலரு எடுக்கறதுக்கு மட்டும் பதினோரு நாள் ஆச்சுங்க. புடலம்பிஞ்சு இருக்குதில்ல, அந்தப் பச்சை. அதுலயும் மேல்தோல்ல சாம்பல் படிஞ்சாப்பல இருக்குமே, அது. நான் ஒரு மணி நேரத்துல எடுத்துட்டேன். மீதிப் பத்து நாளும் அவங்களாலதான். பனியன் கம்பெனிக்காரங்க கிட்டக் கலருன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா முடிஞ்சுது. சாயப்பட்டறை மாஸ்டரைக் கூட்டியாந்துட்டாங்க. துணிக்குக் கலரு சரியான்னு பார்க்கறதுக்கு ஒரு பொட்டி வெச்சிருப்பாங்க, உள்ள பகல் வெளிச்சம், கடை வெளிச்சம்னு தினுசு தினுசா லைட்டு இருக்கும். என்ற லேப்டாப்பைத் தூக்கி அந்தப் பொட்டிக்குள்ள வெச்சுட்டாங்கண்ணா. மாஸ்டரு குனிஞ்சு பார்த்துட்டு, கடை லைட்டுல கொஞ்சம் செவப்பு அடிக்குதுங்கறாரு. லேப்டாப்பு தானா எரியறது, வெளி லைட்டுல எப்படிங்க மாறும்? சொன்னாக் கேக்கறதில்லை. முப்பது வருச சர்வீஸாம்.

அப்பறம் பெரியவரு கலருக்குக் கையெழுத்துப் போடோணும்னாரு. ஸ்கிரீன் மேல எப்படிப் போடறது? பேப்பர்ல பிரிண்ட் எடுத்தா ஷேடு மாறிப் போச்சு, இது ஆகாதுன்னு கிழிச்சுட்டாரு. கடைசில ஒரு சாண் பனியன் துணியை அந்தக் கலர்ல சாயம் போட்டு, அட்டையில பின் பண்ணி, அதுல கையெழுத்துப் போட்டு எங்கிட்டக் குடுத்து, ஸ்கிரீன் இந்தத் துணியாட்டம் வரோணும்னுட்டாங்க. கம்ப்யூட்டருக்குத் துணியைப் பார்த்துக் கலரு வெச்ச ஆளு உலகத்துலயே நானாத்தான் இருப்பேன்.

சித்த இருங்க, போன் அடிக்குது. இல்லீங்க, எடுக்கற போன் இல்லை. அடிச்சுட்டு நிக்கட்டும்.

எங்க உட்டேன்? ஆங், கலரு. ஒரு புதன்கிழமை நல்ல நேரம் பார்த்துத் தொறந்தாங்க. ஸ்கிரீனுக்குச் சந்தனப் பொட்டு வெச்சு, மவுஸுக்கு ஒரு சாமந்திப் பூ வெச்சு, எல்லாம் ஆச்சு. பெரியவரு உக்காந்தாரு. கண்ணாடியை மாட்டிட்டு மவுஸைப் புடிச்சு ஒவ்வொரு பேரா மெல்ல எறக்குறாரு. அவரு பேரு மேல வந்துது, எரிஞ்சுது. கீழ எறங்கித் தம்பி பேரு மேல வெச்சாரு. தம்பி பேரும் எரியுது, மேல இருக்கற அவரு பேரும் சேர்ந்து எரியுது.

எனக்குப் பார்த்ததுமே தெரிஞ்சு போச்சுங்கண்ணா. அது தப்பு. எங்க தொழில்ல மொத மாசத்துக்காரன் பண்ற தப்பு. எப்படின்னா, இப்ப உங்க ஃபேன் பொட்டி இருக்குது. அதுக்குள்ள மோட்டாருக்கு ஒரு சின்னப் பொட்டி இருக்கும். அந்தச் சின்னப் பொட்டியைத் தொடோணும்னா பெரிய பொட்டிக்குள்ளயுந்தானே கை போயாகோணும்? கம்ப்யூட்டரு அப்படித்தான் நெனைக்கும். உள்ள இருக்கறதைத் தொட்டா வெளிய இருக்கறதையும் தொட்டதாத்தான் அதுக்குக் கணக்கு. வேண்டாம், தொட்டது மட்டும் எரியட்டும்னா நாமளா ஒரு வரி எழுதித் தடுக்கோணும். நான் பதினோரு நாளும் கலரையே பார்த்துட்டிருந்ததுல எங்கெங்க எரியுதுன்னு பார்க்கலை.

ஆனா பெரியவரு நிறுத்தலைங்க. மறுபடி மேல கொண்டு போறாரு, மறுபடி தம்பி பேருக்கு எறக்குறாரு. நாலு வாட்டி. அப்பறம் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுட்டு என்னைப் பார்த்து, "தம்பியைத் தொட்டா அண்ணனும் சேர்ந்து எரியற மாதிரி வெச்சிருக்கியே கண்ணு, இது யாரு ரோசனை?" அப்படீன்னாரு.

நீங்களா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க? நான் சொன்னேன், "என்ற ரோசனைதானுங்க."

அன்னைக்கு அவரு கையால எனக்கு ஒரு பட்டு வேட்டி. மைசூர்பா ஒரு பொட்டி. அதுக்கப்பறம் ஆபீசுக்கு யாரு வந்தாலும், நூல்காரரு வந்தாலும், ஒறம்பரை, சொந்தக்காரங்க பத்திரிகை வெக்க வந்தாலும், உக்கார வெச்சு மவுஸைப் புடிச்சுக் காட்டுவாரு. பாருங்க, அவனைத் தொட்டா நான் எரியறேன் பாருங்கன்னு. அந்த வேட்டியை நான் இன்னும் கட்டலைங்க. ஒரு நல்ல காரியத்துக்குக் கட்டலாம்னு வெச்சிருக்கறேன்.

ஒரு மாசம் இப்படிப் போச்சு. சின்னவரு ஒரு நாள் என்னைப் புது யூனிட்டுக்கு வரச் சொல்லி, கதவைச் சாத்திட்டுக் கேக்கறாரு. ஏனுங்க லோகு, அண்ணன் பேரைத் தொட்டா அண்ணன் பேரு மட்டுந்தான் எரியுது, என்ற பேரைத் தொட்டா மட்டும் அவரு பேரு ஏன் எரியோணும்? எனக்குன்னு ஒரு தடவை எரியக் கூடாதான்னு. அவரு கோவமா எல்லாம் கேக்கலை. சங்கடப்பட்டுட்டே, மேசை மேல இருந்த பேனாவை உருட்டிட்டே கேட்டாரு. அம்பது வயசு மனுசன் பேரு தனியா எரியலைன்னு கேக்கறாரே, எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்புத்தான் வந்துதுங்க.

சரி, முதலாளி சொல்லிட்டாரு. தொழில்படியும் அதுதான் சரி. அங்கயே உக்காந்து அந்த ஒரு வரியை எழுதிட்டேன். தொட்டது மட்டும் எரியும். ரெண்டு நிமிசம். சின்னவரு தொட்டுப் பார்த்துட்டுக் கொழந்தையாட்டம் சிரிச்சாரு. பெரியவருகிட்டச் சொல்லோணுமான்னு ஒரு ரோசனை வந்துது. எதுக்குச் சொல்லோணும்? சொன்னா அவரு மனசு சங்கடப்படும். சொல்லாட்டித் தெரியவா போகுதுன்னு உட்டுட்டேன். அவரு மனசுக்காகத்தானுங்க சொல்லலை. வேட்டியைத் திருப்பிக் கேட்டுருவாருன்னு நெனச்சேன்னு பின்னாடி பேசிக்கிட்டாங்க, அதெல்லாம் சுத்தப் பொய்.

மறுநாள் காலைல பெரியவரு வந்தாரு. கூட ஒரு வெளியூரு பார்ட்டி. உக்காருங்க ஒண்ணு காட்டறேன்னு மவுஸை எறக்குனாரு. தம்பி பேரு மட்டும் எரிஞ்சுது. எடுத்துட்டு மறுபடி வெச்சாரு. மவுஸைத் தூக்கி அடிப்பக்கம் பார்த்தாரு. வேட்டில தொடைச்சுட்டு வெச்சாரு. தம்பி பேரு மட்டுந்தான். வந்தவருகிட்ட, இன்னைக்குக் கரண்டு செரியில்லீங்கன்னு சொல்லித் தாட்டி உட்டுட்டாரு.

அன்னைக்கு மத்தியானம் கேரியரு வந்துது. பெரியவரு தொடலை. வீட்டுக்குப் போறேன்னு போயிட்டாரு. போறதுக்கு முன்னாடி தம்பிக்குப் போன் பண்ணி, "தனியாப் போறதுன்னா நேரா எங்கிட்டச் சொல்லியிருக்கலாம் தேவா. கம்ப்யூட்டர்ல சொல்ல வேண்டியதில்லை"ன்னாராம்.

அவ்வளவுதானுங்க. ஊரே பேச ஆரம்பிச்சிருச்சு. கம்பெனி ரெண்டாகுதாம், சின்னவரு பிரிஞ்சு போறாராம்னு. டீக்கடையில எங்கிட்டயே வந்து எந்த யூனிட்டுப் பக்கம் போகப் போறேன்னு கேக்கறாங்க. ஒரு கலருக்குங்க. மவுஸை எடுத்தா அணைஞ்சு போற ஒரு பச்சைக் கலருக்கு. கூடப் பொறந்தவங்க, ஒண்ணா வளந்தவங்க, பேரு எங்க எரியுது எங்க எரியலைன்னு அடிச்சுக்கறாங்களே, இதைவிடச் சின்னத்தனம் உண்டுங்களா? நானா இருந்தா வெக்கத்துல நாண்டுக்கிட்டுச் செத்திருப்பேன்.

அவிநாசிபாளையமுங்க இது. இன்னும் பாதி தூரங்கூட ஆகலை. பாருங்க, மறுபடி அடிக்குது போனு. கெரகம்.

ஞாயித்துக்கெழமை பஞ்சாயத்து வெச்சாங்க. காங்கயத்துல இருந்து அவங்க தாய்மாமன் வந்திருந்தாரு. எண்பது வயசு. ஆபீசுலயே வெச்சு, ட்ரீயைச் செவுத்துல பெரிசாத் தெரியற மாதிரி என்னைப் போடச் சொன்னாங்க. மாமன் எந்திரிச்சுப் போயி சின்னவரு பேரு மேல கையை வெச்சுப் பார்த்தாரு. எரியலை. பெரியவரு பேரு மேல வெச்சாரு. அதுவும் எரியலை. திரும்பி, "நான் தொட்டா ரெண்டும் எரிய மாட்டேங்குது, இதுக்காடா அடிச்சுக்கறீங்க?"ன்னாரு. மாமா, கையில தொட்டா வராதுங்க, மவுஸ் வேணுமுங்கன்னேன். நீ கம்முனு உக்காருன்னுட்டாரு.

அப்பறம் சின்னவரு எந்திரிச்சாரு. அண்ணன் நாலு நாளா மத்தியானம் சாப்பிடலைன்னு வீட்டுல சொன்னாங்களாம். எனக்குத் தனியாப் போற நெனப்பே இல்லை, பேரு ஒரு தடவை தனியா எரிஞ்சா எப்படி இருக்கும்னு பார்க்கத்தான் ஆசைப்பட்டேன், பார்த்துட்டேன், போதும்னாரு. பழையபடி அண்ணன் பேரும் சேர்ந்தே எரியட்டும்னாரு.

அதோட முடிஞ்சிருக்கோணும். பெரியவரு எந்திரிச்சு, வேண்டாம், தம்பி பேரு தனியாவே எரியட்டும், இத்தனை வருசமா அவன் பேரு தனியா எரிஞ்சதில்லைங்கறது எனக்கு உறைக்கலை பாருங்கறாரு. இவரு சேர்ந்தே எரியட்டுங்கறாரு, அவரு தனியாவே எரியட்டுங்கறாரு. மொதல்ல அவங்கவங்க பேருக்குச் சண்டை, இப்ப அடுத்தவரு பேருக்குச் சண்டை. அரை மணி நேரம் நடந்துதுங்க இந்தக் கூத்து.

நான் சும்மா இருந்திருக்கலாம். எனக்குத் தொழில் முக்கியமாப் போச்சு. முன்னாடி வந்து, ஐயா, நியாயப்படி தொட்டது மட்டுந்தான் எரியோணும், சேர்ந்து எரியறது ஆரம்பத்துல இருந்தே தப்பு, கவனிக்காம உட்டுட்டேன்னு சொன்னேன்.

பெரியவரு மெதுவாத் திரும்புனாரு. "தப்பா? உன்ற ரோசனைன்னு சொன்னியே கண்ணு."

சின்னவரு கேக்கறாரு, அண்ணன் இதை ஊரெல்லாம் காட்டிட்டிருக்கறாருன்னு உனக்குத் தெரியுமில்ல, நீ மாத்தறப்ப அதை எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா? அவருகிட்டயாவது சொன்னியா? ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல வந்து நின்னுக்கிட்டாங்கண்ணா. பெரியவரு கை சின்னவரு தோள் மேல. அந்தப் பக்கம் அண்ணன், தம்பி, மாமன். இந்தப் பக்கம் நான் ஒருத்தன், மவுஸோட. உண்மையைச் சொன்னவனுக்கு இதுதான் மரியாதைங்க. நாளையில இருந்து வர வேண்டாம்னுட்டாங்க. அப்பவும் பெரியவரு, மத்தியானமாச்சு, சாப்பிட்டுட்டுப் போன்னாரு. ரோசத்துல நான் சாப்பிடலை.

அந்த வரியா? பேக்கிங்ல பார்கோடு ஒட்டிட்டுச் சாயங்காலம் கம்ப்யூட்டர் படிக்கற சரண்யான்னு ஒரு புள்ளை, நான் வெளிய வர்றதுக்குள்ள அதை அழிச்சுப் போட்டுது. இப்போ பழையபடி ரெண்டு பேரும் சேர்ந்துதான் எரியறாங்களாம். தப்பை அப்படியே வெச்சுட்டு ஒரு கம்பெனி நடக்குது.

நானுங்களா? தாராபுரத்துல பத்திர ஆபீசுக்கு. பன்னெண்டு மணிக்கு டோக்கன். வீட்டைப் பாகம் பிரிக்கறோம், நானும் என்ற அண்ணனும். அப்பா கட்டுன வீடு, நடுவுல செவுரு எடுத்து ஆளுக்குப் பாதி. மூணு வருசமாப் பேச்சுவார்த்தை இல்லைங்க.

நீங்க ஏன் அப்படிப் பார்க்கறீங்க? இது வேற விசயமுங்கண்ணா. அதோட இதைச் சேர்க்காதீங்க. இது கலரு சமாச்சாரம் இல்லை. அவன் பஸ் ஸ்டாண்டு பின்னாடி மோட்டார் ரிப்பேர்க் கடை வெச்சிருக்கறான். மோட்டாரு, ஃபேனு, மிக்சி எல்லாத்துக்கும் காயில் கட்டுவான். போர்டுல என்ன எழுதியிருக்குது தெரியுமுங்களா? 'சதாசிவம் பிரதர்ஸ்.' சதாசிவம் அவன். பிரதர்ஸ்ங்கறது நான். எனக்குப் பேரு இல்லையா? லோகநாதன்னு அஞ்சு எழுத்து எழுதறதுக்குப் பெயிண்டா பத்தாமப் போச்சு? நான் காலேஜுல படிக்கறப்ப வெச்ச போர்டு அது. ஒரு நா கூட நான் அந்தக் கடைல உக்காந்ததில்லை, ஒரு ஸ்க்ரூ முடுக்குனதில்லை, அதுக்கும் போர்டுல பங்கு வெச்சான்னு எங்கம்மா சொல்லும். படிக்க வெச்சதும் அவன்தான், அதை நான் இல்லைங்கலை. ஆனா பேரு பேருதானுங்களே. மூணு வருசம் முன்னாடி அவன் புள்ளைக்குக் காது குத்து. பத்திரிகைல பார்க்கறேன், தாய்மாமன் பேரு இருக்குது, பெரியப்பன் மாமன் பேரெல்லாம் இருக்குது, அழைப்பு யாருன்னா 'சதாசிவம் பிரதர்ஸ்'. அன்னைக்கோட உட்டுட்டேன். பாகம் பிரிக்கலாம்னு நான்தான் வக்கீல் வெச்சுச் சொல்லி உட்டேன். அவன் மூணு வாட்டி வேண்டாம்னு ஆளனுப்பிச்சான். அப்பறம் தம்பி இஷ்டம்னு சொல்லிட்டானாம்.

அண்ணனை அவன் இவன்னு சொல்றனேன்னு பார்க்காதீங்க. மனசு அப்படி எரியுது.

இதா, மறுபடி. ஆமாங்க, அவன்தான். காலைல இருந்து இது ஆறாவது. எடுக்கச் சொல்றீங்களா? நீங்க சொல்றதுக்காக எடுக்கறேன். அலோ. ம். பஸ்ஸுலதான். குண்டடம் தாண்டியாச்சு. ம். இல்லை, சாப்பிடலை. ம். சரி.

எந்தப் பஸ்ஸுன்னு தெரியாம ஒம்பது மணில இருந்து ஸ்டாண்டுல நிக்கறானாம். டிபன் பாக்ஸுல இட்லி இருக்குதாம். சாமி, பத்திர ஆபீசுல நேரமாகும், தின்னுட்டுப் போய் நில்லுங்கறான். எல்லாம் ஊருக்குக் காட்டறதுக்குங்க, பாருங்க, தம்பிக்கு இட்லி கொண்டாந்தேன்னு நாலு பேரு பேசோணும்ல. எனக்குத் தெரியாதா அவனைப் பத்தி.

தாராபுரம் வந்திருச்சு. பொட்டியை எடுத்துக்கங்க. மக வீடு உடுமலை ரோட்டுலீங்களா? ஆட்டோ எதுக்குங்க, ஃபேனைக் கொண்டுபோய் மாட்டறதுக்கு ஒரு ஆளை எங்க போய்த் தேடுவீங்க? அதா, டீக்கடை ஓரமா வண்டிமேல தூக்குப் பையை மாட்டிட்டு ஒவ்வொரு பஸ்ஸா எட்டிப் பார்த்துட்டு நிக்குதில்ல, கண்ணாடி போட்டுட்டு, அதான் எங்க அண்ணன். நேரா அதுகிட்டப் போங்க. வண்டியில வெச்சு உங்களைக் கொண்டுபோய் உட்டு, ஃபேனை மாட்டி, சுத்துதான்னு பார்த்துட்டுத்தான் வரும். டோக்கன் போனாப் போகட்டுமுங்க, பத்திர ஆபீசு நாளைக்கும் அங்கயேதான இருக்கும்.

நான் இப்ப வரலைங்க. நானா முன்னாடி போய்ப் பேச மாட்டேன். நீங்க போய்ச் சொல்லுங்க. பேரா? பேரெல்லாம் எதுக்குங்க. தம்பி சொல்லி உட்டான்னு மட்டும் சொல்லுங்க, போதும்.